பாக்டீரியா என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் தயிரைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி, மெத்திலீன் நீலம் என்ற சாயம் இட்டு நுண்ணோக்கியில் காட்டினேன். சிறுசிறு கோடுகளும், மணி கோத்தாற்போன்ற சரங்களும் தெரிந்தன. இரண்டும் பாக்டீரியாவே என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு மாணவி கேட்டாள். ‘நுண்ணுயிரி’ என்றதற்கு, ஈஸ்ட்டும் நுண்ணுயிரிதானே என்று மடக்கினாள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கோல் என்பதே அதன் பொருள். கிரேக்க மொழியில் ‘பாக்டீரியா’ என்றால் ஊன்றுகோல். ‘பாக்டீரியோன்’ என்றால் சிறுகோல். 1676இல், மிளகு ஊறிய நீரில் இவ்வுயிர்களைக் கண்டு எழுதிய டச்சுக்காரர் லேவன்ஹூக், இவற்றைக் குட்டி விலங்குகள் என்றே குறித்தார். 1828இல் ஜெர்மானிய அறிஞர் ஏரன்பெர்க், தாம் கண்ட கோல் வடிவ உயிர்களுக்கு ‘பாக்டீரியம்’ என்று பெயரிட்டார். அதன் பன்மைதான் பாக்டீரியா.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் உருண்டையாக இருப்பவற்றையும் கோல் என்றா அழைக்கிறோம்?

மறுமொழி 2:
ஆம், அதில் வியப்பில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய்; அச்சொல் தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகிவிட்டதால், எள்ளிலிருந்து எடுப்பதை நல்லெண்ணெய் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இங்கும் அதே கதைதான். பாக்டீரியா பொதுப்பெயராகிவிடவே, கோல் வடிவத்தை மட்டும் குறிக்க ‘பேசில்லஸ்’ என்ற சொல் நிலைத்தது. 1872இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் அதை ஒரு பேரினத்துக்கே பெயராக்கினார். வேடிக்கை என்னவென்றால், லத்தீனில் அதற்கும் சிறுகோல் என்றே பொருள்! உங்கள் தயிரில் தெரிந்த கோடுகள் பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், அதாவது பாற்கோல். சரமாக நின்றவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையாக இருக்கலாம். ‘காக்கஸ்’ கிரேக்கத்தில் தானியமணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

மறுமொழி 3:
மாணவியின் மறுப்பு சரியானதே. ‘நுண்ணுயிரி’ என்பது 1878இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடியோ முன்மொழிந்த ‘மைக்ரோப்’ என்ற சொல்லுக்கே பொருந்தும். ஈஸ்ட் போன்ற பூஞ்சையும் அதில் அடங்கும். ‘கிருமி’ என்றும் எழுதிவிடாதீர்கள். அது புழுவைக் குறிக்கும் வடசொல். வைணவ மரபு கூறும் கிருமிகண்ட சோழன், கழுத்துப் புண்ணில் புழு பிடித்ததால் அப்பெயர் பெற்றவன். இன்று அச்சொல் நோயைத்தான் நினைவூட்டுகிறது. தயிரில் கிருமி என்றால் மாணவர்கள் தயிரையே ஒதுக்கிவிடுவார்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பாக்டீரியா ஏற்கெனவே பன்மை என்றால், ‘பாக்டீரியாக்கள்’ என்று பாடநூலில் வருவது பிழையா?

மறுமொழி 2:
பிழையென்று நான் சொல்லமாட்டேன். தமிழுக்குள் வந்து ஒருமையாகப் புழங்கும் சொல் தமிழ் விகுதியை ஏற்பது இயல்பே. தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.