புதுப்பிப்பு: லண்டன் புரோக்கரிடமிருந்து வராமல் நின்ற 3,000 டாலர் வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: சிங்கப்பூரில் இருக்கிறேன், லண்டன் ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி வர்த்தக) புரோக்கரிடமிருந்து எடுத்த 3,000 அமெரிக்க டாலர் ஒன்பது நாளாகியும் வங்கிக்கு வரவில்லை என்று. வந்துவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"எம்டி103 நகலைக் கேளுங்க" என்ற அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. எம்டி103 என்பது பணம் அனுப்பும்போது வங்கிகளுக்கிடையே போகும் விவரச் செய்தி. புரோக்கர் அன்றே அனுப்பினார்கள். அதில் பெறுபவர் இடத்தில் என் பெயரோடு வெறும் 'ஆர்' மட்டும். வங்கியிலோ பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனிஷியல் போட்டு எழுதும் நம்மவர்கள் புரோக்கர் கணக்குத் திறக்கும்போதே இதைக் கவனியுங்கள். நகலையும் பாஸ்போர்ட்டையும் கிளையில் காட்டினேன். நகலிலிருந்த யுஇடிஆர் என்ற குறியீட்டை (ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் தனியாக இருக்கும் 36 எழுத்துக் குறியீடு) வைத்துத் தேடி எடுத்தார்கள். மூன்றாம் நாள் வரவு.

எதிர்பாராதது: 2,975தான் வந்தது. கட்டணம் 'ஷேர்டு' (அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்ந்துகொள்வது) என்று போயிருந்ததால் இடையிலிருந்த வங்கி 25 டாலர் பிடித்துக்கொண்டது.

இந்தியாவிலிருந்து இப்படிப்பட்ட புரோக்கருக்குப் பணம் அனுப்பலாமா என்று மதுரையிலிருந்து கேட்ட தம்பிக்கு: இந்தியாவில் எல்ஆர்எஸ் திட்டத்தில் (இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்தான், ஆனால் வெளிநாட்டு ஃபாரெக்ஸ் மார்ஜினுக்கு (வர்த்தகத்துக்காக புரோக்கரிடம் கட்டும் பிணைத்தொகைக்கு) அனுப்ப அனுமதி இல்லை. தயவுசெய்து வேறு காரணம் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.