குதிரை ஏற்றும் வண்டியில் ரெண்டாவது பேட்டரி சார்ஜ் ஏறலையா? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மானூர் குதிரைக்காரர்

கோயில் கொடைக்குக் கொடை பந்தயத்துக்குக் குதிரை ஏற்றிப் போகிறவர்களும், ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் நாள்கணக்கில் தங்குகிறவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். முக்கால்வாசிப் பேருக்கு வண்டிதான் வீடு. அந்த வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் கொடுக்கிற பேட்டரியைப் பற்றி மட்டும் நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. முதலில் என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது 14 அடி பாடி. பின்னால் ரெண்டு குதிரை நிற்கும். கேபினை ஒட்டிச் சின்ன அறை: ரெண்டு பலகைக் கட்டில், லைட், செல்போன் சார்ஜ், தண்ணீருக்கு ஒரு குட்டி மோட்டார். குதிரைப் பக்கம் ரெண்டு ஃபேன். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, அறைக்கென்று 100 ஆம்பியர் அவர் டியூப்லர் ஒன்று. நடுவில் ரிலே. வண்டி ஸ்டார்ட் ஆனால் ரெண்டும் சேரும், நிறுத்தினால் பிரியும்.

போன கோடையில், பகல் முழுக்க ஓடி வந்த வண்டியில்கூட இருட்டிக் கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் முனக ஆரம்பித்தது. மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கிற குதிரைக்கு ஃபேன் ஆடம்பரம் கிடையாது. விலா ஏறி இறங்க, கழுத்தெல்லாம் வேர்த்து நிற்கிற பிராணியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும். கடையில் கேட்டால், "பேட்டரி போச்சு, மாத்திருங்க" என்றார்கள். அது பழைய பேட்டரியே இல்லை.

மாற்றுவதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் லைட் எல்லாவற்றையும் போடச் சொல்லி, மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் பேட்டரியில் 14.2 வோல்ட். அறை பேட்டரியில் 12.7. "ஒன்றரை வோல்ட்டை வழியிலேயே தின்னுருது அண்ணாச்சி. புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் பட்டினிதான் கெடக்கும்" என்றார்.

எங்கே தின்கிறது என்று அவர் தேடின விதத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் கம்பி எட்டாததால் நீள ஒயர் ஒன்றை முறுக்கிச் சேர்த்துக்கொண்டார். ஒரு முனை எஞ்சின் பேட்டரியின் பிளஸில், மறுமுனை அறை பேட்டரியின் பிளஸில். நல்ல வயரிங்கில் சைபரை ஒட்டி வர வேண்டியது 0.6 காட்டியது. அதேபோல மைனஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வைத்தார். 0.9. ரெண்டும் சேர்ந்தால் அதே ஒன்றரை.

பிளஸ் பக்கக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பாடி கட்டினவர்கள் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்திருந்தார்கள். அந்த ஒயர் மீட்டருக்கு ஏழு மில்லி ஓம் சொச்சம் தடுக்கும். அஞ்சு மீட்டர் தூரத்துக்கு 15 ஆம்பியர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போய்விடும். வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் அது பெரிய நஷ்டம்.

மைனஸ் பக்கம்தான் எனக்கு ஆச்சரியம். குதிரை நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் ஒரு போல்ட். அறை பேட்டரியின் மைனஸுக்கு அதில்தான் எர்த் கொடுத்திருந்தது. குதிரை மூத்திரமும், தினமும் கழுவி விடுகிற தண்ணீரும் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுவது அதன் மேலேதான். மூத்திரத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா செம்பைத் தின்னும். வெளியே இருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாக, ஒழுங்காகத்தான் இருந்தது. ஒயர் முனையில் மாட்டியிருக்கிற லக்கைக் கழற்றினால் உள்ளே இழைகள் நீலப்பச்சையாகப் பூத்து, விரலில் நசுக்கியதும் உதிர்ந்தன. உறைக்குள்ளே ஒரு சாண் தூரம் வரை ஒயர் கறுத்திருந்தது.

பிளஸ், மைனஸ் ரெண்டுக்கும் 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் நேராக இழுத்தோம். எர்த்துக்கு இப்போது சேஸிஸை நம்புவதில்லை. லக்குகளை அழுத்திப் பிடித்து, மேலே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டினார். அறை பேட்டரியில் இப்போது 13.9 வருகிறது. அதே பேட்டரிதான் இன்றைக்கும் ஓடுகிறது.

அடுத்தவர் சொல்லுங்கள்.

கங்கைகொண்டான் லாரி

அண்ணாச்சி சொன்னது 12 வோல்ட் வண்டி. பெரிய லாரியில் மாடு, குதிரை ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே ரெண்டு பேட்டரி சீரிஸில், அதாவது ஒன்றை அடுத்து ஒன்றாகச் சேர்ந்து 24 வோல்ட். ஃபேன், பாட்டுப் பெட்டி, லைட் எல்லாம் 12 வோல்ட் சாமான் என்பதால் ஒரே ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் கொடுத்து எடுத்துவிடுகிறார்கள். நம்ம பக்கத்தில் பாதி லாரியில் இப்படித்தான் இருக்கிறது.

டைனமோவுக்கு மொத்தமாக 28 வோல்ட் வந்தால் போதும். எந்த பேட்டரிக்கு எவ்வளவு என்று அது பார்க்காது. நாம் உறிஞ்சுகிற பேட்டரி 13-லேயே நிற்கும், சும்மா இருக்கிற பேட்டரி 15-க்கு ஏறிவிடும். ஒன்று பட்டினி, இன்னொன்று கொதித்துத் தண்ணீர் வற்றும். எந்த பேட்டரியில் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறதோ அதுதான் கெட்டது என்று நினைத்து, அதை மட்டும் மாற்றுவார்கள். புதுசும் அதேபோல் கொதிக்கும்.

ரெண்டு பேட்டரியிலிருந்தும் சேர்த்து எடுத்து 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று போட்டேன். ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து எத்தனை ஆம்பியர் என்று கூட்டி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் போதும். அப்புறம் ரெண்டு பேட்டரியும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

ராதாபுரத்துக்காரி

எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் பந்தயத்துக்குப் போவார்கள். தீவனம், தண்ணீர், கரண்டு எல்லாம் என் பொறுப்பு. கொடைக்குப் போனால் கோயிலிலோ பக்கத்து வீட்டிலோ ஒயர் இழுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவோம். சார்ஜரில் லைட் எரியும், சூடும் ஆகும். காலையில் பார்த்தால் பேட்டரி ஏறியிருக்காது.

பக்கத்து ஊர்க் கொடை ஒன்றில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். தெரு முழுக்க சீரியல் செட், மைக் செட், எல்லாம் ஒரே லைனில். எங்கள் ஒயர் முனையில் 180 வோல்ட்தான் வந்தது. எங்களுடையது டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய சார்ஜர். 230 வந்தால் 14.4 கொடுக்கிற அது, 180 வந்தால் அதே விகிதத்தில் 11 சொச்சம்தான் கொடுக்கும். 12 வோல்ட் பேட்டரிக்குள் அது எப்படி நுழையும்? லைன் இறங்கினாலும் வெளியே கொடுக்கிறதை ஒரே அளவாக வைத்துக்கொள்கிற எஸ்.எம்.பி.எஸ். சார்ஜர் வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதன் மேலே எத்தனை வோல்ட்டிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். நீள ஒயரைச் சுருட்டியபடியே தரையில் போடாதீர்கள், சூடாகி உருகும். நம் வண்டிக்குள் வைக்கோல் இருக்கிறது.

ஆலங்குளம் பையன்

எங்களுக்கு வேறு மாதிரி. வெளிக் கரண்டு கொடுத்தால் ஃபேன், லைட் எல்லாம் ஓடும். பிடுங்கினால் அந்த நொடியே இருட்டு. ரெண்டு இடத்தில் பேட்டரி அவுட் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள பியூஸ் போயிருந்தது. சர்வீஸுக்குக் கழற்றினவர்கள் மாட்டும்போது பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நொடியில் பியூஸ் தன்னைக் கொடுத்து சார்ஜரைக் காப்பாற்றியிருக்கிறது. சார்ஜர் நேராக ஃபேனுக்குக் கரண்டு கொடுப்பதால் வெளியே எதுவும் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். சித்தப்பாவின் புது வண்டி பிஎஸ்-6. அதில் ரிலே போட்டும் கொஞ்ச தூரம் போனதும் பிரிந்துவிடுகிறது. ரிலேயையும் மாற்றிப் பார்த்தாச்சு. என்ன செய்யலாம்?

பாளை எலக்ட்ரீஷியன்

தம்பி, சித்தப்பா போட்டிருக்கிறது வோல்ட்டைப் பார்த்துச் சேர்கிற ரிலேயாக இருக்கும். புது வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை, அதாவது டைனமோவை, கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கிறது. எஞ்சின் பேட்டரி நிறைந்ததும் டீசல் மிச்சம் பிடிக்க வோல்ட்டைக் கிட்டத்தட்ட 12.6 வரைக்கும் இறக்கிவிடும். ரிலே அதைப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது என்று எண்ணிப் பிரிகிறது. அதில் கோளாறு கிடையாது. இந்த மாதிரி வண்டிக்கு டிசி-டிசி சார்ஜர்தான் வேண்டும். உள்ளே 12.6 வந்தாலும் வெளியே 14.4 ஆக்கிக் கொடுக்கும். சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி இக்னிஷன் ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிற்கிற வண்டியின் செல்ஃப் பேட்டரியை இது காலி பண்ணிவிடும்.

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். முழுக்க சார்ஜ் ஏற்றி, எல்லா ஒயரையும் கழற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6-க்கு மேல் நிற்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், அப்புறம் மீட்பது கஷ்டம். மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் பாருங்கள். எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் சார்ஜ் போதவில்லை. ஒரே ஒரு செல் மட்டும் தாழ்ந்து கிடந்தால்தான் பேட்டரியில் கோளாறு. இதை அளக்காமல் மாற்றச் சொல்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

கட்டிலுக்கு அடியில் பேட்டரி வைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். வெளிப்பக்கம் காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். பிளஸ் டெர்மினலில் இருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் ஒரு பியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரெண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ரெண்டு முனையிலும் வேண்டும்.

மானூர் குதிரைக்காரர்

எங்கள் வண்டியில் எஞ்சின் பக்கம் மட்டும்தான் பியூஸ். அறை பேட்டரிப் பக்கத்துக்கு நாளைக் காலையில் வாங்கி மாட்டுகிறேன். 16 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு எத்தனை ஆம்பியர் போடலாம் அண்ணாச்சி?

பாளை எலக்ட்ரீஷியன்

60 போதும். கண்ணாடி பியூஸ் வேண்டாம், போல்ட் போட்டு இறுக்குகிற வகை வாங்குங்கள்.