புதுப்பிப்பு: மேக் மினியா, விண்டோஸா? வாங்கியாகிவிட்டது

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினி, விண்டோஸ் கணினி இரண்டில் வீட்டுக்கு எது நல்லது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விண்டோஸ் மேசைக் கணினியையே எடுத்தோம்.

மேக் மினியின் அமைதியும் குறைந்த மின்செலவும் இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் 2020 முதல் வந்த ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் நினைவகம் (ராம்) சில்லோடு ஒட்டியே வருகிறது. பின்னால் கூட்டவே முடியாது. எனக்கு அது பெருங்குறை. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைக்காரத் தம்பி பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டாவது ராம் பட்டையை 'டக்'கென்று அழுத்தினார். 8 ஜிபி 16 ஆனது!

மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று, மடிக்கணினி வாங்கச் சொன்ன அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. மாலையில் இடி இடித்தால் தோட்டப் பக்கம் மின்சாரம் போய்விடுகிறது. அதற்காக, மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் ஓட வைக்கும் யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிட்டோம்.