பழைய டிஸ்க்குகளை மெய்நிகர் ஸ்டோரேஜுக்குள் கொண்டுபோன அனுபவங்கள்

11 வருடமாக ஸ்டோரேஜ் வேலை பார்க்கிறேன். பழைய ஆர்ரேயில் (பல டிஸ்க்குகள் அடங்கிய ஸ்டோரேஜ் பெட்டி) இருக்கும் டேட்டாவை மெய்நிகர் அடுக்குக்குள் கொண்டுபோகும் வேலையை இதுவரை மூன்று முறை செய்திருக்கிறேன். முதல் முறை நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

எங்களிடம் வெவ்வேறு வயதுடைய இரண்டு ஆர்ரேக்கள், சுமார் 40 டிபி டேட்டா, 64 சர்வர்கள் இருந்தன. ஆர்ரேக்களுக்கு முன்னால் ஒரு மெய்நிகர் கண்ட்ரோலர் ஜோடியை வைத்து, சர்வர்கள் இனி அதை மட்டும் பார்க்கும்படி மாற்றுவதுதான் திட்டம். அதற்குப் பிறகு பின்னால் எந்த ஆர்ரேயைக் கழற்றினாலும் எதைச் சேர்த்தாலும் சர்வருக்குத் தெரியாது.

இந்த வகைக் கருவிகளில் இமேஜ் மோடு என்று ஒன்று உண்டு. ஐபிஎம் 2003-இல் கொண்டுவந்த எஸ்விசி என்ற கருவியில் இதுதான் பெயர். வேறு சில கருவிகளில் என்கேப்சுலேஷன் என்பார்கள். பழைய லன்னில் (ஆர்ரே சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதி) ஒரு பிளாக் (டேட்டாவின் சிறு துண்டு) எங்கே இருக்கிறதோ, மெய்நிகர் வால்யூமிலும் (கண்ட்ரோலர் சர்வருக்குக் காட்டும் டிஸ்க்) அது அதே இடத்தில் இருக்கும். ஒரு பைட்கூட நகராது. அதனால் கட்டோவர் இரவில், அதாவது புதியதற்கு மாறும் இரவில், காப்பி எடுக்கும் வேலையே கிடையாது. சர்வரை நிறுத்துகிறோம், அந்த லன்னை மெய்நிகர் கண்ட்ரோலர் கையில் கொடுக்கிறோம், அது அதையே தன் பெயரில் சர்வருக்குக் காட்டுகிறது, சர்வரை எழுப்புகிறோம். பிறகு சர்வர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் எக்ஸ்டென்ட் எக்ஸ்டென்ட்டாக, அதாவது துண்டு துண்டாக, புதிய பூலுக்கு (பல டிஸ்க்குகளின் இடம் சேர்ந்த தொகுப்பு) நகர்த்திக்கொள்ளலாம்.

இதில் எனக்கு எப்போதும் பயம் தரும் இடம் ஒன்று உண்டு. டேட்டா உள்ள லன்னை இமேஜ் மோடில் எடுக்காமல் வெறும் டிஸ்க் என்று பூலில் சேர்த்துவிட்டால், கருவி அதைக் காலி இடமாகவே எடுத்துக்கொள்ளும். அதன் மேல் புது வால்யூம் உருவாக்கி எழுதத் தொடங்கினால் பழைய டேட்டா போய்விட்டது, அவ்வளவுதான். அதனால் நாங்கள் இருவராகவே உட்காருவோம். ஒருவர் லன்னின் சீரியல் எண்ணைச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் தாளில் பார்த்துச் "சரி" என்ற பிறகுதான் கட்டளை போகும். இதில் நாங்கள் ஒருமுறைகூடத் தவறவில்லை. தவறியது வேறு இடத்தில்.

இரண்டாவது இரவு 12 சர்வர்களை மாற்றினோம். எல்லாம் எழுந்தன, பயன்பாடுகளும் ஓடின. பின்னணிக் காப்பியையும் தொடங்கிவிட்டோம். விடிகாலையில் கண்ட்ரோலரின் புள்ளிவிவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வால்யூமில் மட்டும் ரீட், ரைட் இரண்டும் பூஜ்யமாக இருந்தன. அது ஒரு டேட்டாபேஸ் சர்வருடையது. டேட்டாபேஸோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அது எங்கே எழுதுகிறது?

பழைய லன்னிலேயே நேரடியாக எழுதிக்கொண்டிருந்தது. திரும்பிப்போக நேர்ந்தால் சுலபமாக இருக்கும் என்று, பழைய ஆர்ரேயில் சர்வர்களின் மேப்பிங்கை (எந்த லன் எந்தச் சர்வருக்கு என்ற ஒதுக்கீடு) நீக்காமல் ஃபைபர் சேனல் ஸ்விட்ச்சில் சோனிங்கை (எந்தக் கருவி எந்தக் கருவியைப் பார்க்கலாம் என்ற அமைப்பு) மட்டும் மாற்றியிருந்தோம். இரண்டு ஃபேப்ரிக்கில் (தனித்தனி ஸ்விட்ச் வலை) முதலாவதில் புதிய சோன் அமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாவதில் சேமித்திருந்தோம், ஆனால் ஆக்டிவேட் செய்யவில்லை. ஆகவே அந்தச் சர்வர் ஒரு பக்கம் மெய்நிகர் வால்யூமையும் இன்னொரு பக்கம் பழைய லன்னையும் பார்த்தது. இரண்டின் அடையாள எண்ணும் வேறு என்பதால் மல்ட்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கான பல வழிகளை ஒன்றாக்கும் மென்பொருள்) அவற்றை இரண்டு தனி டிஸ்க்காக எடுத்துக்கொண்டது. உள்ளே இருப்பதோ ஒரே டேட்டா, ஒரே எல்விஎம் (லினக்ஸின் வால்யூம் மேலாளர்) அடையாளம். அப்போதிருந்த லினக்ஸ் பதிப்பு, இரட்டை பிவி (எல்விஎம் எடுத்துக்கொண்ட டிஸ்க்) இருக்கிறது என்று லாகில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டது. தேர்ந்தது பழையதை.

இங்கே காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே பூலுக்கு நகர்ந்துவிட்ட எக்ஸ்டென்ட்டுகளில் இருப்பது நள்ளிரவு நிலவரம். டேட்டாபேஸ் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பழைய லன்னில். காப்பி முடிந்து பழைய லன்னை விடுவித்திருந்தால் அந்த இரவின் பதிவுகள் துண்டு துண்டாகக் காணாமல் போயிருக்கும். ஒரு பிழைச் செய்தியும் வந்திருக்காது.

டேட்டாபேஸை நிறுத்தினோம். மெய்நிகர் கண்ட்ரோலர் வழியாக எந்த ரைட்டும் போகவில்லை என்பதை எண்ணிக்கையை வைத்து உறுதிசெய்தோம். அப்படியென்றால் பழைய லன்தான் முழுமையானது. மெய்நிகர் வால்யூமை அழித்து, சர்வரைப் பழைய வழியிலேயே எழுப்பி, சரிபார்ப்பை ஓட்டினோம். எதுவும் சிதையவில்லை. அடுத்த வாரம் மறுபடி செய்தோம்.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் பழைய ஆர்ரேயிலேயே மேப்பிங்கை நீக்குவேன். சர்வரை எழுப்பி, பழைய டிஸ்க் ஒன்றுகூடத் தெரியவில்லை என்று பார்ப்பேன். அப்புறம்தான் புதியதைக் காட்டுவேன். பயன்பாடு ஓடத் தொடங்கியதும் கண்ட்ரோலரில் அந்த வால்யூமின் ஐஓ (ரீட், ரைட்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்காமல் காப்பியைத் தொடங்கவே மாட்டேன்.

* * *

படிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. நன்றி. நான் மெய்நிகர் கணினிப் பக்கம் இருப்பவன், எங்களுக்கும் அடி விழுந்தது இந்த அடையாள எண்ணில்தான்.

ஒவ்வொரு டேட்டாஸ்டோரின் (மெய்நிகர் கணினிகளின் கோப்புகள் இருக்கும் இடம்) தலைப்பகுதியிலும் அது எந்த லன்னில் உருவானது என்ற குறிப்பு இருக்கும். விஎம்வேரின் கோப்பு முறைமையான விஎம்எஃப்எஸ்ஸில் இது முக்கியம். மெய்நிகர் கண்ட்ரோலர் வழியாக வந்ததும் லன்னின் எண் மாறிவிடுகிறது. எழுதியிருக்கும் எண்ணும் கண்ணுக்குத் தெரியும் எண்ணும் பொருந்தாததால், ஹோஸ்ட் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்) அதை ஏதோ ஸ்னாப்ஷாட் நகல் என்று நினைத்து மவுண்ட் செய்யாமல் விட்டுவிடும். ரீபூட் முடிந்து பார்த்தால் டேட்டாஸ்டோர் எதுவும் இல்லை. கையேட்டில் படித்திருந்தும் அந்தக் காலிப் பட்டியலைப் பார்த்தபோது கை நடுங்கியது. சேர்க்கப் போனால் திரையில் மூன்று தேர்வுகள்: பழைய சிக்னேச்சரை (அந்தக் குறிப்பை) வைத்துக்கொள், புதியது எழுது, ஃபார்மட் செய். மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இந்தத் திரையைக் கொடுக்காதீர்கள். நாங்கள் பழையதை வைத்துக்கொண்டோம், ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் அப்படியே எழுந்தன.

எழாதவை ஏழு. அவை ஆர்டிஎம் முறையில் லன்னை நேரடியாக எடுத்தவை. ஆர்டிஎம் என்பது லன்னைச் சுட்டும் ஒரு சிறு கோப்புதான், அதற்குள் பழைய எண் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நீக்கி மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. எந்த டிஸ்க் எந்த ஸ்கஸி இடத்தில் (கணினியில் டிஸ்க் பொருந்தும் எண்) இருந்தது என்று நாங்கள் முன்பே குறித்து வைக்கவில்லை. அளவை வைத்து ஊகிக்கலாம் என்றால், ஒரே அளவில் நான்கு டிஸ்க்குகள். அந்த ஏழுக்கு மட்டும் நான்கு மணி நேரம் போனது. உள்ளே விண்டோஸ் சர்வர் இருந்தவற்றில் சில டிஸ்க்குகள் ஆஃப்லைனாக வந்தன. புதிதாகத் தெரியும் பகிர்வு டிஸ்க்கைத் தானாகத் தொடாதே என்பது அதன் சான் (ஸ்டோரேஜ் வலையமைப்பு) கொள்கை. ஆன்லைன் ஆக்கினால் போதும், டேட்டா அப்படியே இருக்கும். தெரியாதவர் பதறிப்போவார்.

இப்போதெல்லாம் முடிந்த இடத்தில் இமேஜ் மோடை நான் தொடுவதே இல்லை. மெய்நிகர் ஸ்டோரேஜில் புதிய வால்யூம் உருவாக்கி, ஸ்டோரேஜ் விமோஷனில் (ஓடும் கணினியின் டிஸ்க்கை நகர்த்தும் விஎம்வேர் வசதி) ஒவ்வொரு கணினியாக நகர்த்துகிறேன். நாள் கூடும், ஆனால் எதையும் நிறுத்த வேண்டாம்.

* * *

யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்கும் இதே வழி உண்டு. புது டிஸ்க்கை வால்யூம் குரூப்பில் (எல்விஎம் சேர்த்து வைக்கும் டிஸ்க்குகள்) சேர்த்துப் பிவிமூவ் கட்டளையை ஓட்டினால் டேட்டா நகர்ந்துவிடும், பழையதைக் கழற்றிவிடலாம். எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) யாராவது டிஸ்க்கின் பெயரை நேரடியாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். யூயூஐடி (டிஸ்க்கின் பெயர் மாறினாலும் மாறாத அடையாளம்) போட்டிருந்தால் கவலையில்லை.

* * *

நான் கோப்புப் பகிர்வுகளை மாற்றிய கதையைச் சொல்கிறேன். பிளாக் அளவில் நகர்த்துகிறவர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி எங்களுக்கு உண்டு: கோப்புகளின் எண்ணிக்கை.

பழைய கோப்பு சர்வரில் 6 டிபி இருந்தது. அளவு பெரிதில்லை. ஆனால் கோப்புகள் கிட்டத்தட்ட 4 கோடி. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முதல் நகலை ஒரு வாரம் ஓட்டினோம். கடைசி நாள் மாறியவற்றை மட்டும் எடுத்தால் போதும், அது சில ஜிபிதானே, ஒரு மணி நேரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டோம். ஒத்திகை பார்த்தபோது 19 மணி நேரம் ஆனது. மாறாத கோப்பாக இருந்தாலும் அதன் நேரத்தையும் அளவையும் இரு பக்கமும் கேட்டாக வேண்டும். 4 கோடி முறை கேட்பதுதான் நேரத்தைத் தின்றது. ஒத்திகை பார்க்காமல் கட்டோவருக்குப் போயிருந்தால் மறுநாள் வேலைநேரம் முழுக்க எல்லாரையும் காக்க வைத்திருப்போம். பிறகு மேல்நிலை அடைவுகளைப் பிரித்து 16 ஓட்டங்களாக ஒரே நேரத்தில் விட்டோம். மூன்று மணி நேரத்துக்கு இறங்கியது. கடைசி ஓட்டத்துக்கு முன் பழைய பகிர்வை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிவிட்டோம். இல்லையென்றால் அது முடியவே முடியாது.

இன்னொன்று, முதல் நகல் 6 டிபியை 9 டிபியாக ஆக்கியது. பழைய பேக்கப் அடைவுகளில் ஏராளமான ஹார்ட் லிங்க்குகள் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) இருந்தன. அவற்றைக் காக்கும் தேர்வை நாங்கள் கொடுக்கவில்லை. ஆர்சிங்க்கின் ஆர்கைவ் தேர்வில் அது அடங்காது, ஏசிஎல்லும் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) அடங்காது, இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். ஏசிஎல் நினைவில் இருந்தது, இது இல்லை. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினோம். பிரித்து ஓட்டும்போது ஒரே கோப்பின் லிங்க்குகள் இரண்டு ஓட்டத்தில் சிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டோவர் முடிந்த பிறகு என்எஃப்எஸ் கிளையன்ட்டுகளில் (பகிர்வை வலை வழியாகப் பயன்படுத்தும் கணினிகள்) "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" வந்தது. பெயரும் ஐபியும் அதேதான். ஆனால் கிளையன்ட் கையில் வைத்திருக்கும் ஹேண்டில் (கோப்பைச் சுட்டும் அடையாளம்) பழைய கோப்பு முறைமையுடையது. மவுண்ட்டை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். அதைச் செய்ய எந்தெந்தக் கிளையன்ட் மவுண்ட் செய்திருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கத்தான் எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

இடையில் ஒரு கேள்வி. முதல் பதிவை எழுதியவரே, 40 டிபிக்குப் பின்னணிக் காப்பி எவ்வளவு நாள் ஓடியது? தின் வால்யூமுக்கு (எழுதிய அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும் வால்யூம்) மாற்றினீர்களா?

* * *

முதல் பதிவை எழுதியவன்தான். நல்ல கேள்வி. வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் நிற்காமல் ஓடினால் 40 டிபிக்கு 55 மணி நேரத்துக்குச் சற்று மேல். காகிதத்தில் அப்படி. பகலில் சர்வர்களுக்குத் தாமதம் தெரியக்கூடாது என்று வேகத்தைக் குறைத்து, இரவில் மட்டும் திறந்துவிட்டோம். மொத்தம் ஒன்பது நாள்.

தின்னுக்கு மாற்றினோம், எதிர்பார்த்த இடம் மிஞ்சவில்லை. பூஜ்யமாக இருக்கும் பகுதியைத்தான் கருவி விட்டுவிடும். நீக்கிய கோப்பின் பிளாக்குகள் பூஜ்யமாகிவிடுவதில்லை, பழைய எழுத்து அப்படியே கிடக்கும், அதையும் டேட்டா என்றே நகர்த்தும். இப்போது நகர்த்தும் முன்பே காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடுகிறேன். சர்வரும் ஸ்டோரேஜும் அன்மேப் (காலி இடத்தைத் திருப்பித் தரும் முறை) ஆதரித்தால், முடிந்த பிறகு எஃப்எஸ்ட்ரிம் என்ற லினக்ஸ் கட்டளையை ஓட்டுவதே எளிது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிளாக்குக்குப் பிளாக் நகர்த்தும்போது பழைய கோளாறுகளும் கூடவே வரும். விண்டோஸ் 2003 சர்வர்களில் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில், அதாவது 31.5 கேபியில் தொடங்கும். 2008-இலிருந்து 1 எம்பி. பழையவற்றில் அது ஸ்டோரேஜின் பிளாக் எல்லையோடு பொருந்தாததால், ஒரு ரைட் அடிக்கடி பின்னால் இரண்டு ரைட்டாகப் பிரியும். புது ஸ்டோரேஜ் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டபோது அதுதான் காரணம். அந்த மூன்று சர்வர்களின் டேட்டாவை மட்டும் கோப்பு அளவில் புதிய பார்ட்டிஷனுக்கு மாற்றினோம்.

* * *

எங்களுக்கு இந்த மாற்றத்தில் இரண்டு கட்டம் முடிந்திருக்கிறது. கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டம்) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கிளஸ்டரின் நோடுகள் (அதிலுள்ள சர்வர்கள்) டிஸ்க்கின் மேல் ஸ்கஸி-3 ரிசர்வேஷன் (வேறு யாரும் எழுதாமல் பூட்டும் முறை) போட்டு வைத்திருக்கும். சர்வரை அணைத்தாலும் ஆர்ரே அதை மறக்காமல் இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. லன்னை மெய்நிகர் கண்ட்ரோலரிடம் கொடுத்தோம், அது படித்தது, எழுதப் போனால் ஆர்ரே மறுத்தது. சோனிங், கேபிள், லைசென்ஸ் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ரிசர்வேஷன் நினைவுக்கு வந்தது. லன்னைத் திருப்பிக் கொடுத்து, கிளஸ்டரை எழுப்பி, முறைப்படி நிறுத்தி, ரிசர்வேஷன் சாவிகளை நீக்கி, மறுபடி கொடுத்தோம்.

மூன்றாவது கட்டம் அடுத்த மாதம், 18 சர்வர்கள். எங்கள் வேலைத்தாளில் சர்வர் எழுந்ததும் உடனே காப்பி என்றுதான் இருந்தது. நடுவில் ஐஓ எண்ணிக்கை பார்க்கும் படியை இன்று சேர்த்துவிட்டேன்.