புதுப்பிப்பு: ஒரே பிழைத்திருத்தத்தை மூன்று வெளியீட்டுக் கிளைகளில் சேர்ப்பது – தீர்வு கிடைத்தது

பராமரிப்பிலுள்ள மூன்று வெளியீட்டுக் கிளைகளிலும் (ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளுக்கான தனித்தனி மாற்ற வரிசைகள்) ஒரே பிழைத்திருத்தத்தை, கிளைக்கொரு முறை செர்ரி-பிக் செய்யாமல் (அந்த மாற்றத்தை மட்டும் நகலெடுத்துச் சேர்க்காமல்), நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பழைய கிளையில் திருத்திப் புதியவற்றுக்கு மெர்ஜ் செய்யும் (ஒரு கிளையின் மாற்றங்களை இன்னொன்றில் இணைக்கும்) யோசனை பொருந்தவில்லை. அக்கிளைக்கே உரிய பதிப்பெண் மாற்றங்களும் உடன் வந்தன. மூன்றுக்கும் பொதுவான மூதாதைக் கமிட்டிலிருந்து (கிளைகள் பிரியும் முன் கிட்டில் பதிவான நிலையிலிருந்து) தனித் திருத்தக் கிளையைத் தொடங்கி, அதை ஒவ்வொன்றிலும் மெர்ஜ் செய்யச் சொன்ன பதிலே பலனளித்தது. திருத்தம் மட்டுமே சேர்ந்தது. கமிட்டின் அடையாளம் எங்கும் ஒன்றாகவே இருப்பதால், அது எந்தெந்தக் கிளைகளில் உள்ளது என்பதை 'கிட் பிராஞ்ச் --கன்டெயின்ஸ்' கட்டளை தெளிவாகக் காட்டுகிறது. செர்ரி-பிக் ஒவ்வொரு முறையும் புதிய கமிட்டை உருவாக்குவதால் இந்த வசதி அதில் கிடைக்காது. எனக்கு இதுவே பெரிய ஆதாயம். பிழை அந்த மூதாதைக் கமிட்டிலேயே இருந்தால்தான் இம்முறை பொருந்தும்.

எதிர்பாராத ஒன்று: பொதுவான மூதாதையைக் கண்டறிய உதவும் 'கிட் மெர்ஜ்-பேஸ்' கட்டளைக்கு மூன்று கிளைகளைக் கொடுத்தால், அது பின்னிரண்டையும் இணைத்ததாகக் கற்பனை செய்துகொண்டு, முதல் கிளையுடன் ஒப்பிட்டே விடை தருகிறது. அனைத்துக்கும் பொதுவான மூதாதை வேண்டுமெனில் '--ஆக்டோபஸ்' என்ற விருப்பத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.