கிரேடிங்குக்குப் பணம் செலவழிக்கலாமா? என் அனுபவம்

கிரேடிங் (காசு அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நிறுவனம் பார்த்து மதிப்பெண் போடுவது) செய்த காசுதான் வாங்க வேண்டுமா, நம்மிடம் இருப்பதை அனுப்பலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காசு?

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்லாபில் (கிரேடிங் நிறுவனம் காசை வைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் உறை) இருப்பதையே வாங்குங்கள். 1938, 1939 இரண்டுமே 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 1940-ல்தான் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்து, விளிம்பையும் மாற்றினார்கள். 38 சாதாரணமாகக் கிடைக்கும். 39 கிடைப்பது அபூர்வம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எண்தான் வித்தியாசம் என்பதால் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிறார்கள். தராசில் வைத்தால் தெரியாது, காந்தம் வைத்தாலும் தெரியாது. காசு அசல், எண் மட்டும்தான் பொய்.

ஒரு கண்காட்சியில் நண்பர் அப்படி ஒன்றை வாங்கப் போனார். லென்ஸில் பார்த்தால் கடைசி எண்ணைச் சுற்றி மட்டும் தளம் லேசாகக் குழிந்திருந்தது. காசு முழுக்கப் படிந்திருந்த பழுப்பு அந்த இடத்தில் மட்டும் இல்லை, பளிச்சென்று இருந்தது. "தாத்தா பெட்டியிலேர்ந்து வந்தது தம்பி" என்றார் விற்றவர். சரி, தாத்தாவுக்குத் தெரியாமல் பேரன் வேலை பார்த்திருக்கலாம். லென்ஸில் சிக்கியதால் தப்பித்தோம். நல்ல கைவேலைக்காரன் செய்தது நம் கண்ணில் சிக்காது. நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணம் அதற்குத்தான்.

அதே நண்பர் வீட்டில் இருந்த 1938 ரூபாயை அனுப்பிவைத்தார். பளபளவென்று இருக்கிறது, 64, 65 வரும் என்று நம்பிக்கை (அளவுகோல் 1 முதல் 70 வரை). திரும்பி வந்தபோது எண்ணே இல்லை. 'டீடெய்ல்ஸ், கிளீன்டு' (காசு அசல், ஆனால் துடைத்துச் சுத்தம் செய்தது) என்று மட்டும் அச்சாகியிருந்தது. பூஜையில் வைத்த காசு அது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் அம்மா விபூதி போட்டுத் துடைத்திருக்கிறார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ராஜாவின் கன்னத்திலிருந்து கழுத்து வரை முடி போன்ற கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். கட்டணம், கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் காசின் விலையைத் தாண்டிவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய நாணயமும் தொல்பொருள்தான். அதை இந்தியாவிலிருந்து தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிந்ததால் பெரிய வம்பான 1911 ரூபாய், விக்டோரியா காசுகள் எல்லாம் இதில் வரும். "அமெரிக்காவுக்கு அனுப்பி ஸ்லாப் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எந்த வழியில் அனுப்புவார் என்று முதலில் கேளுங்கள்.

ஸ்லாபிலும் போலி உண்டு. என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற இரண்டு அமெரிக்க கிரேடிங் நிறுவனங்களின் தளத்திலும் சான்றிதழ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, அசல் ஸ்லாபின் எண்ணையே திருடி ஒட்டுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் கீறல், கறை எல்லாம் கையில் இருக்கும் காசோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். படம் இல்லாத விலை உயர்ந்த காசை நான் தொடுவதில்லை.

ராஜராஜன் செப்புக் காசுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவத்தின் கைப்பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. அந்த எழுத்து முழுசாக விழுந்திருக்கிறதா, களிம்பு அரித்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் விலை. சாதாரண வகை என்றால் பழகிய வியாபாரியிடம், திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்கினாலே போதும்.