புரோஸ்டேட்டுக்கு ரோபோ ஆபரேஷன்: கூடுதல் காசுக்குப் பலன் உண்டா?

தேவன், சாட்ஸ்வர்த்:
அப்பாவுக்கு 66 வயது. புரோஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய், வெளியே பரவவில்லை. ரோபோ வைத்து எடுத்துவிடலாம் என்கிறார் தனியார் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப்பாதை நிபுணர்). மெடிக்கல் எய்ட் (இங்கே தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவக் காப்பீடு) பெரும்பகுதியைத் தந்துவிடும், ஆனால் ரோபோ என்றால் நம் கையிலிருந்து ஒரு தொகை தனியாகக் கட்ட வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தால் அந்தச் செலவு இல்லை. அப்பாவின் கவலையே வேறு: தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க முடியுமா என்றுதான் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாலா, பீனிக்ஸ்:
தம்பி, வசதி இருந்தால் ரோபோவுக்கே போங்கள். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், இரண்டு விதமும் பார்க்கிறவள். அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், இயந்திரம் தானாக எதையும் வெட்டாது. டாக்டர் அதே அறையில் சற்றுத் தள்ளி கன்சோலில் உட்கார்ந்து கையை அசைப்பார், அதன்படி உள்ளே கருவி அசையும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். படம் பத்து மடங்கு பெரிதாக, ஆழத்தோடு தெரியும். சாதாரண லேப்ராஸ்கோபிக் (ரோபோ இல்லாமல் சின்னத் துளை வழியாகச் செய்வது) கருவி நேரான கம்பிதான். இதன் நுனி மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். புரோஸ்டேட் இருப்பதோ இடுப்பெலும்புக்குள் குறுகலான இடத்தில். அதை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் தைத்து இணைக்க வேண்டும். அங்கேதான் இந்த வசதியின் அருமை தெரியும்.

குணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அக்கா சொன்னதெல்லாம் டாக்டருக்கு வசதி. நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதானே கேள்வி? ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ரோபோ, பாதிப் பேருக்குத் திறந்த ஆபரேஷன் செய்தார்கள். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பங்களை நான் பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

மாலா, பீனிக்ஸ்:
அதே ஆய்வில் பாதியை விட்டுவிட்டீர்களே, குணா. திறந்து செய்தவர்களுக்குச் சராசரியாக 1,300 மில்லிக்கு மேல் ரத்தம் போனது. ரோபோவில் 450 மில்லிகூட இல்லை. வீட்டுக்குப் போனதும் பாதி நாட்களில். நம் ஆட்களில் இந்த வயதில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவர் எத்தனை பேர்? அவர்களுக்கு அந்த ரத்தம் சின்ன விஷயமா?

குணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்னத் துளை என்றாலே நோய்க்கும் நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் 2018இல் வந்த ஆய்வைப் பாருங்கள். நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த ஆபரேஷனில் 96.5 சதவீதம், துளை போட்டுச் செய்ததில் 86. நம் நாட்டுப் பெண்களை அதிகம் கொல்லும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

மாலா, பீனிக்ஸ்:
தேவன் தன் அப்பாவைப் பற்றிக் கேட்கிறார், நீங்கள் கருப்பை வாய்க்குப் போய்விட்டீர்கள்! அதுவும் அந்த ஆய்வில் துளை போட்டுச் செய்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண லேப்ராஸ்கோபிதான். ரோபோவில் செய்தது ஆறில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட. உறுப்புக்கு உறுப்பு கணக்கு வேறு.

ரவி, கேப் டவுன்:
நடுவில் ஒரு தகவல். ரோபோ பணக்காரர்களுக்கு மட்டும் என்பது இங்கே பொய்யாகிவிட்டது. 2022இல் இருந்து டைகர்பெர்க், க்ரூட் ஸ்கூர் இரண்டு அரசு மருத்துவமனைகளிலும் டாவின்சி என்ற ஆபரேஷன் ரோபோ இருக்கிறது.

குணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
கேப் டவுனில் இருக்கிறது, சரி. சாட்ஸ்வர்த்தில் இருப்பவர் 1,600 கிலோமீட்டர் போய் வரிசையில் நிற்பாரா?

செல்வா, டொங்காட்:
நான் செய்துகொண்டவன், போன வருடம், ரோபோவில்தான். வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு, சீக்கிரமே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை நான் சொல்கிறேன். கதீட்டரோடுதான் (சிறுநீர் வடியும் குழாய்) அனுப்புவார்கள். அதை எடுத்த பிறகு சில மாதம் பேட் இல்லாமல் கோயிலுக்குப் போகத் தயங்கினேன். இருமினால் கசியும். ரோபோ என்றதும் இதெல்லாம் இருக்காது என்று நினைத்துப் போனவன் நான், டாக்டரும் அழுத்திச் சொல்லவில்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே அப்பா தொடங்கட்டும். காவடியைப் பற்றிக் கேட்டீர்கள்: பாரம் தூக்க எனக்கு ஆறு வாரம் தடை. அதற்கப்புறமும் டாக்டர் சரி என்றால்தான்.

குணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
நன்றி செல்வா அண்ணா, இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேவன், இன்னும் ஒன்று. ஆபரேஷனே வேண்டுமா என்று கேட்டீர்களா? பிரிட்டனில் 1,600க்கும் மேற்பட்ட ஆண்களை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கதிர்வீச்சு எடுத்தவர்கள் என்று மூன்று பிரிவு. மூன்றிலும் சுமார் 97 சதவீதம் பேர் புரோஸ்டேட் புற்றுநோயால் சாகவில்லை. ரோபோ வாங்கிய மருத்துவமனைக்கு அதை ஓட்ட வேண்டிய கட்டாயம் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

மாலா, பீனிக்ஸ்:
கடைசி வரி அநியாயம். அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஆபத்து குறைந்த வகை. தேவன், க்ளீசன் எண் (புற்றுநோய் எவ்வளவு தீவிரம் என்று காட்டுவது) என்ன?

தேவன், சாட்ஸ்வர்த்:
4+3, அக்கா. சும்மா கண்காணிக்கிற வகை இல்லை என்று டாக்டர் சொன்னார். கதிர்வீச்சு பற்றி அவர் பேசவே இல்லை.

மாலா, பீனிக்ஸ்:
அப்படியென்றால் ஒரு கதிர்வீச்சு நிபுணரையும் பார்த்துவிடுங்கள், அதில் குணா சொல்வது சரி. ஆபரேஷன்தான் என்று முடிவானால், டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: ரோபோவில் இதுவரை எத்தனை செய்திருக்கிறார், ஒரு வருடத்தில் எத்தனை பேர் பேட் இல்லாமல் இருக்கிறார்கள் என்று. பிரிஸ்பேனில் திறந்து செய்தவர் நீண்ட அனுபவசாலி, ரோபோவில் செய்தவர் இளையவர். அப்படியிருந்தும் பலன் சமமாக வந்ததே, அதை யோசியுங்கள்.

குணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அதே விவரத்தை வைத்து நான் வேறு மாதிரி சொல்வேன். நல்ல கை இருந்தால் கத்தியே போதும். திறந்து செய்வதில் கைதேர்ந்த ஒருவர் அதே மெடிக்கல் எய்டில் கிடைத்தால், தேவன், அந்தத் தொகையை அப்பாவின் பிசியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேவன், சாட்ஸ்வர்த்:
வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறேன், பதிலை இங்கே போடுகிறேன். காவடி இந்தத் தடவை தம்பிக்கு என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், அப்பாவுக்கு இன்னும் தெரியாது.